கூப்பிட்டால் கேட்கிற தூரம்

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் நண்பரின் மகள். கல்லூரியில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரு வரைபடம் காட்டினாள். இந்தியா முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், கிறிஸ்தவ சபைகள் இருக்கும் இடங்களாம். வடகிழக்கு மலைகளில் ஒரு கொத்து, கேரளத்தில் ஒரு கொத்து, திருநெல்வேலிக்குத் தெற்கே நம் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கொத்து. நடுவில் மைல் கணக்கில் ஒன்றுமே இல்லை. பிறகு மும்பையைப் பெரிதாக்கினாள். அங்கேயும் அதே கதைதான். தாராவியில் ஒரு சந்தில் மட்டும் மிளகு டப்பா கவிழ்ந்த மாதிரி புள்ளிகள் கிடந்தன.

“அங்கிள், நீங்க இத்தனை வருஷமா ரூம் ஏஜென்ட்தானே? ஏன் இவங்க எல்லாம் ஒரே ஜகாவுல போய் உக்காந்திருக்காங்க?”

கேட்பது சின்னப்பெண். தெரிந்த பதில்களை எல்லாம் அள்ளிவிட்டேன். வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் எங்கே பள்ளிக்கூடம் வைத்தார்களோ அந்த ஊர் சேர்ந்தது, ஒரு வீடு சேர்ந்தால் மாமன் மச்சான் என்று தெருவே சேர்ந்தது, பிழைப்புக்கு வழியில்லாமல் போனபோது அந்தத் தெருவே பம்பாய்க்கு ரயில் ஏறியது. அவள் டக் டக்கென்று தட்டி ஏற்றிக்கொண்டாள். நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. ஆனாலும் சொல்லி முடித்தபோது எனக்கே ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடித்தது. கடை வாசலில் இறக்கிவிட்டிருந்த தகரத்தில் தூறல் விழுந்து, வெயிலில் வெந்த தகரம் நனைகிற அந்த வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வயதில்தான் நான் ஊரிலிருந்து தாராவிக்கு வந்தேன். அம்மாவின் தம்பி அங்கே ரூம் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் இருந்தார். வந்த மறுநாளே ஒரு அளவு டேப்பையும் சாவிக்கொத்தையும் என் கையில் கொடுத்து மாமா உபதேசம் செய்தார். “ஏல, ரூமுக்கு மூணே மூணு லட்சணந்தான். குழா, சன்னல், கக்கூசு எத்தன அடி தூரம். மத்ததெல்லாம் சும்மா பேச்சு.” நான் நெற்றி நிறையத் திருநீறும், சட்டைப் பையில் டேப்புமாக, பெரிய இன்ஜினியர் மாதிரி சந்து சந்தாக அலைந்தேன். பத்துக்குப் பத்து ரூமைப் பார்த்தவுடன் அரையடி குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தக் கர்வம் செல்லுபடியாகாத ஒரே இடம் அந்தச் சந்து. தேரிக்காட்டு ஊர்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே அடைந்து கிடந்தன. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றபடியே கை நீட்டிக் கருவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவு அகலம். பதனிட்ட தோலின் வீச்சம், சுட்ட கருவாடு, அதற்கு மேல் எந்நேரமும் யாராவது ஒருவர் பாடுகிற ஞானப்பாட்டு. கீழே ஒரு குடும்பம், பலகை அடித்த மாலாவில், அதாவது பரணில், இன்னொரு குடும்பம். இவர்களிடம் டிராம்பேயில் கடல்காற்று வருகிற ரூம் காட்டியிருக்கிறேன். செம்பூரில் தனிக் குழாய் உள்ள ரூம் காட்டியிருக்கிறேன். பஸ் ஏறி வருவார்கள், பார்ப்பார்கள், மனசாரப் புகழ்வார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். “ரூம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இங்க கேக்காதே.”

என்ன கேட்காது என்று எனக்கு விளங்க மூன்று மாதம் ஆனது.

சந்தின் நடுவில் ஜெபவீடு. அதன் வாசல் உத்தரத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு தொங்கும். மணி வாங்க வசதி இல்லாத காலத்தில் கட்டினது. ஆராதனைக்கு அதைத்தான் அடிப்பார்கள். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டு நிலையிலும் ஒரு ஆணி, ஆணியில் ஒரு எவர்சில்வர் தட்டு, கூடவே கயிற்றில் கட்டின கரண்டி. வீட்டில் ஆபத்து என்றால் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. பக்கத்து வீடு அதைக் கேட்டதும் என்ன ஏது என்று கேட்காமல் தன் தட்டை எடுத்து அதே மாதிரி தட்டும். அது அடுத்த வீட்டுக்கு, அது அதற்கடுத்த வீட்டுக்கு. கடைசியில் இரும்பு அடிக்கும். இரும்பு அடித்தால் சபையே வாசலுக்கு வந்துவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தட்டு குடுக்கது’. முன்பு ஒருமுறை தீப்பிடித்தபோது இப்படித்தான் சந்து பிழைத்தது என்றார்கள். அதற்குப் பிறகு, தட்டு கேட்காத தூரத்தில் ரூம் எடுப்பது அவர்கள் கணக்கில் காட்டில் குடியிருப்பது மாதிரி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவர்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று மோதிக்கொண்டு ஒரு கூட்டம் பிரிந்துபோய்த் தனிச் சபை ஆரம்பித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்படிப் பிரிந்தவர்கள் எங்கே போனார்கள் என்கிறீர்கள்? பத்தடி தள்ளி. எதிர் வரிசை ரூம். பேச்சு வார்த்தை இல்லையே தவிர, தட்டுக்குத் தட்டு உண்டு.

இப்போது கிரேஸ் அக்கா. சந்தில் ஒரு மாலாவில் இருந்தாள். வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணன் டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டாவது, வயிற்றில் இருக்கும்போது அக்கா மாலா ஏணியில் வழுக்கி விழுந்ததில் போனது. மூன்றாவது ஏழு மாதமாக வயிற்றில். கீழ்த்தள ரூம் ஒன்று வேண்டும், தண்ணீர் தூக்க முடியாது, குழாய் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். சந்தில் ஒரு இடமும் காலியில்லை.

என்னிடம் ஒன்று இருந்தது. நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயைத் தாண்டி, மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம். குழாய் உண்டு, ஜன்னல் உண்டு, மாமா சொன்ன மூன்று லட்சணமும் பொருந்தின ரூம். இரும்பு மட்டும் கேட்காது. கேட்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்கு இரும்பு அடிக்கிற நேரமாகப் பார்த்து அக்காவைக் கூட்டிப்போனேன். அக்கா வாசற்படியில் இடுப்பில் கையை ஊன்றி நின்று காதைக் கொடுத்தாள். இரண்டு வீடு தள்ளி ஒரு இரும்புப் பட்டறை. அங்கே சம்மட்டி விழுந்தது. டங், டங், டங்.

“கேக்குல்லா அக்கா? அதான்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. “சரி தம்பி” என்றாள். அந்த மாதத்தில் நான் முடித்துக்கொடுத்த முதல் ரூம். மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் வழக்கமான பம்பாய் மழை, வழக்கத்துக்கு மேலே. காலை பத்து மணிக்கெல்லாம் ரயில் நின்றுவிட்டது. நான் லேபர் கேம்பில் வேறு ஒருவருக்கு ரூம் காட்டப் போய் மாட்டிக்கொண்டு, கிரேஸ் அக்கா வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒதுங்கினேன். தெருவில் முழங்கால் தண்ணீர். தகரக்கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. அதற்குள்ளே, எதிர் வீட்டிலிருந்து தட்டுகிற சத்தம் மெல்ல வந்தது.

டீக்கடை அண்ணாச்சி சிரித்தார். “அல்லேலூயா ஆரம்பிச்சிட்டு. காலையில இருந்து தாளந்தான். மழைன்னாலும் விடமாட்டாவ போல.”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு டீ சொன்னேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. அந்தத் தெருவிலேயே அந்தத் தாளத்துக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான். அண்ணாச்சியும் அக்கம்பக்கமும் தங்கமான மனிதர்கள். தெரிந்திருந்தால் கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்கு அது ஜெபம். எனக்குத் தெரிந்தும் நான் பாதி டீ குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. தாளம் இருக்கிறது, பாட்டு எங்கே? மூன்று தட்டு, நிறுத்தம். மூன்று தட்டு, நிறுத்தம்.

கதவைத் தள்ளினேன். உள்ளே கணுக்கால் தண்ணீர். கிரேஸ் அக்கா அடுப்புத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் கரண்டி. முகம் வெளிறிப்போயிருந்தது. “எவ்வளவு நேரமாத் தட்டுதேன் தம்பி. ஒருத்தரும் எடுக்கலியே. எங்க வீட்டுக்காரவியளும் வேலைக்குப் போனவியதான், வரல” என்றாள். அண்ணாச்சியின் மனைவியைக் கூப்பிட்டு அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தத் தட்டையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா. நாலாவை நெருங்க நெருங்க இடுப்பளவு தண்ணீர், அதில் யார் ஓட முடியும்? நாலாப் பாலத்தில் விழுந்து எழுந்து, வாயில் சாக்கடை போய், ஒரு வழியாகச் சந்தின் முனையைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தேன்.

முதல் வீட்டில் தட்டு எடுத்தது. இரண்டாவது வீடு. எதிர் வரிசை. சத்தம் என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டது. நான் நான்கு வீடு நகர்வதற்குள் இரும்பு அடித்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் ஜெபவீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். பொன்மணி நர்சம்மா, ஆஸ்பத்திரி வேலையில் இருந்தவள், பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தி கையில் பழைய சேலைகள், ஒருத்தி கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், ஒருத்தி கையில் ஸ்டவ். யாருக்கு, என்ன என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. சபையை நடத்துகிற உபதேசியார், பகலில் தோல் பை தைக்கிறவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எங்க?”

ஜெபவீட்டு பெஞ்சைத் தூக்கிக்கொண்டார்கள். முன்பக்கம் பிடித்தது இந்தச் சபை, பின்பக்கம் பிடித்தது பிரிந்துபோன சபை. மூன்று வருடமாகப் பேசாத ஆட்கள். “மெதுவா, மெதுவா, பள்ளம் இருக்கு” என்பதுதான் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையாக அந்தத் தண்ணீரில் நாற்பது பேருக்கு மேல் நடந்தார்கள். நான் சாமி ஊர்வலம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெஞ்சின் மேல் சுவாமி இல்லை, வெறும் பெஞ்சுதான் போனது.

அந்த பெஞ்சைச் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் மேல்தான் அக்காவுக்குப் பிரசவம் ஆனது. மழை விடாத மத்தியானம். பெண் குழந்தை. முதலில் சத்தமே இல்லை. நர்சம்மா தலைகீழாகப் பிடித்து முதுகில் இரண்டு போட்டதும் வீறிட்டது. வெளியே தண்ணீரில் நின்ற ஆண்கள் தொப்பலாக நனைந்தபடி பாட ஆரம்பித்தார்கள். டீக்கடை அண்ணாச்சி எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டே அழுதார். டிராம்பேயிலிருந்து நடந்தே வந்த செல்லத்துரை அண்ணன், வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ நினைத்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த புதன்கிழமை என்னை ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். உபதேசியார், “தம்பி சொல்லட்டும்” என்றார். நெற்றியில் திருநீறோடு எழுந்து நின்றேன். எல்லாரும் என்னை நன்றியோடு பார்க்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அக்காவுக்குக் கேட்டது நம் இரும்பு இல்லை, பட்டறைச் சத்தம், தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

கிரேஸ் அக்காதான் பேசினாள். மடியில் பிள்ளை. “எனக்கும் தெரியும் தம்பி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்ட இரும்பு எனக்குத் தெரியாதா? எனக்குக் குழா வேணும்னு இருந்துச்சு. நீ கேக்குன்னு சொன்ன, நானும் கேக்குன்னு நெனச்சிக்கிட்டேன்.”

இனி என்ன, அக்காவைச் சந்துக்கே திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உபதேசியார் வேறு மாதிரி கேட்டார். “பச்சப்பிள்ளைக்கும் குழா வேணும்லா. அது அங்கயே இருக்கட்டும். இடையில எத்தன வீடு எடுத்தா தட்டு அங்க வரைக்கும் போவும்? அதச் சொல்லு.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் டேப்பை எடுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் முழுக்க நடந்து நடந்து தட்டிப் பார்த்தேன். ஆறு வீடு. இரண்டு மாதத்துக்குள் ஐந்து குடும்பங்கள் இருந்த ரூமை விட்டு அங்கே மாறின. இருந்ததை விடச் சின்ன ரூம், நாலாவை ஒட்டின ரூம், கொசு பிடுங்குகிற ரூம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஐந்தில் இரண்டு, பிரிந்துபோன சபைக்காரர்கள். ஒருத்திக்காக ஒரு சபையே பெயர்ந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஆறாவது ரூமுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஓட்டை உடைசல், யாருக்குக் கட்டும்? அதை நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே முருகன் படம், வெளியே ஆணியில் தட்டு. பதினாறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். நான்கு முறை தட்டு வந்தது. நான்கு முறையும் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை என் மனைவிக்காக நானே தட்டினேன். இரும்பு அடித்த சத்தம் கேட்டபோது, இனி பயமில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வரைபடத்தில் புள்ளிகள் ஏன் கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்றால், என் சிற்றறிவுக்கு எட்டினது இதுதான். பாதிரியாரும் பஞ்சமும் முதல் புள்ளியை வைத்திருக்கலாம். அடுத்த புள்ளியை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் மனிதன் வைக்கிறான். தேரிக்காட்டிலும் மலை நாட்டிலும் இதே மாதிரி ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

அந்தத் தட்டு வரிசையை விட்டு முதலில் போனது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நான்தான். தொழில் பெருகியது, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இரண்டு படுக்கை அறை வீடு அமைந்தது. மகள் படிப்பு, மனைவியின் முழங்கால் வலி என்று காரணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் ரூமில் பிறகு ஒரு பிளாஸ்டிக் கோடவுன் வந்தது, தட்டு அதோடு அறுந்தது. அதற்கப்பால் உள்ளவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பிறகு பழைய ரூம்களை இடித்துவிட்டு, மீதி இருந்தவர்களுக்குப் புதுக் கட்டடங்களில் சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தார்கள், ஒருவருக்கு நான்காம் மாடி, ஒருவருக்கு வேறு கட்டடத்தில் பதினொன்று. பாதிப்பேர் விற்றுவிட்டு விரார், பத்லாப்பூர், பன்வேல் என்று போனார்கள். ஜெபம் ஞாயிற்றுக்கிழமை போனில் நடக்கிறது. எல்லார் முகமும் சின்னச் சின்னக் கட்டத்தில் தெரியும்.

செல்லத்துரை அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு மழையில் பிறந்த பெண் வளைகுடாவில் நர்சு. கிரேஸ் அக்கா பதினொன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் காலையில் பால்காரன் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இடுப்பில் கட்டு.

“சத்தம் குடுத்தேன் தம்பி, ராத்திரி பூரா” என்றாள். “எல்லாரும் ஏசி போட்டுக் கதவ அடச்சிருப்பாவ. பாவம், அவியளுக்கு என்ன தெரியும்?” என் கையைப் பிடித்தாள். “நீ ரூம் பாக்கவன்தானே. நம்ம ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்க மாதிரி எனக்கு ஒரு ரூம் பாரேன். குழா இல்லன்னாலும் சரி.”

போனை எடுத்து அந்தச் சந்துக்காரர்கள் ஒவ்வொருவர் பெயராகப் பார்த்தேன். யார் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்று எனக்கு அத்துப்படி. ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் இல்லை. செம்பூரில் என் மாடியில் இன்னும் மூன்று வீடுகள் உண்டு. அதில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பொய் வரவில்லை.

“இல்லக்கா” என்றேன்.